இல்லாத ஆளுக்கு ஒரு சீட்

அத்தியாயம் 14

போன வாரம் மலாக்கி டர்கன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போன சத்தம் உங்கள் காதில் இன்னும் இருக்கும். அவன் மனைவி நூலாவுக்கும் இருந்தது. ஆனால் சனிக்கிழமை காலை அவன் எழுந்து வந்த விதமே வேறு. கெட்டிலைப் போட்டான். அவளுக்கு டீ ஊற்றிக் கொடுத்தான். "நல்லபடியா போயிட்டு வாங்க, ரெண்டு பேரும்" என்றான்.

நூலாவுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். சண்டை போட்டபிறகு மலாக்கி டீ போட்டதாக அந்த வீட்டில் சரித்திரமே கிடையாது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மலாக்கியின் அண்ணன் மாஸி. அறுபத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். சார்ல்ஸ்டவுனுக்கு மேலே மேட்டு நிலத்தில் மாடுகளோடு தனியாக இருப்பவர். அவருக்கு லிவர்பூலில் கொலெட் என்று ஒரு மகள் இருப்பது ஊருக்குத் தெரியாது. பிப்ரவரி வரை அவருக்கே தெரியாது. அவளுடைய அம்மா ஃபிலோமினா சாகும்போதுதான் அப்பா யார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். கொலெட் போனில் கூப்பிட்டு, "மே மாசம் எனக்குக் கல்யாணம். அப்பாவா என் கையைப் பிடிச்சு மாப்பிள்ளைகிட்ட அழைச்சுட்டுப் போக வருவீங்களா?" என்று கேட்டாள். மாஸி வருகிறேன் என்றார். துணைக்கு நூலா. அந்தக் கல்யாணம் இன்று மாலை.

மலாக்கிக்கு விஷயம் தெரிந்ததே போன வாரம்தான். பிள்ளை இல்லாத அண்ணனின் நிலம் தன் மகன் டெக்லனுக்குத்தான் என்று அவன் மனதுக்குள் வேலியே போட்டு வைத்திருந்தான். "கையைப் பிடிச்சு நடக்கிறவ நாளைக்கு நிலத்துல வந்து நடப்பா. இந்த வீட்டுலேர்ந்து யாரும் போகக்கூடாது" என்றான். அதற்கு நூலா சொன்ன பதில்தான் கதவை அறைய வைத்தது. "டிக்கெட் எடுத்து மூணு மாசமாச்சு. சரின்னு அமுக்கினதே நீதான்!"

அது உண்மை. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே வங்கிக் கணக்கு. நூலா எதை வாங்கினாலும், வாங்கலாமா என்று வங்கி மலாக்கியின் போனில் கேட்கும். அவன் கட்டைவிரலை வைத்தால்தான் பணம் போகும். அவளோ பாதி ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பவள். அவன் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டே, யாருக்கு, எங்கே என்று கேட்காமல் அமுக்கிவிடுவான். அப்படி அமுக்கியதில் ஒன்று லிவர்பூல்.

நூலா பள்ளிக்கூட சமையலறையில் வேலை பார்க்கிறாள். ஆனால் ஊரில் அவளுக்குப் பெயர் டிக்கெட்டில்தான். போகவும் வரவும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக வாங்குபவர்களை அவள் மனிதர்களாகவே மதிப்பதில்லை. போவது ஒரு ஊருக்கு, திரும்புவது வேறு ஊரிலிருந்து, நடுவில் ஒரு பஸ். அப்படித்தான் அவள் ஊரையே ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் அனுப்பி வைத்தாள்.

ஆனால் அவளுடைய உண்மையான திறமை, வேண்டாம் என்பதில் இருக்கிறது. சீட்டைத் தேர்ந்தெடுக்கிறீர்களா? வேண்டாம். பெட்டி? வேண்டாம். காப்பீடு? வேண்டாம். முதலில் ஏற வேண்டுமா? வாடகைக் கார்? ஹோட்டல்? வேண்டாம், வேண்டாம், வேண்டாம். வாழ்க்கையில் யாருக்கும் முகத்தில் அடித்தாற்போல் வேண்டாம் என்று சொல்லியிராத பெண், அந்தத் திரையின் முன்னால் மட்டும் மகாராணி. கடைசியில் கையில் நிற்பது பத்து யூரோவுக்கு ஒரு இருக்கை. அதில் அவளுக்கு வரும் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

நாக் விமான நிலையம் இருக்கிற மலைமேல் அன்று மூடுபனி. கார் நிறுத்துமிடத்தில் மாஸி காரைவிட்டு இறங்கியபோது நாலு பேர் சேர்ந்து இறங்குவது போல் இருந்தது. பெட்டிக்குக் காசு, கோட்டுக்குக் காசு இல்லை. அதனால் கல்யாண சூட்டுக்கு மேலே பெரிய மழைக்கோட்டு. அதன் பைகளில் சவரப் பிரஷ், காலுறை, இன்னொரு சட்டை, காலுறைக்குள் சுற்றிய அவர் அம்மாவின் நீலப் பால் ஜாடி. ஜாடி மகளுக்கு.

"பாஸ்போர்ட்டை எடுங்க மாஸி. கையிலேயே வெச்சுக்கோங்க. உள்ள போய் அந்தக் கோட்டுல தேடினா திங்கக்கிழமை ஆயிடும்."

அவர் எடுத்துக் கொடுத்தார். புத்தம் புதிது. அவர் வாழ்க்கையில் முதல் பாஸ்போர்ட். நூலா அதைத் திறந்து பார்த்ததும் அன்றுதான் முதல் தடவை. டிக்கெட் எடுத்தபோது அது வந்திருக்கவில்லை. பிறகு எண்ணை அவர் போனில் படித்துச் சொல்ல, இவள் எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான்.

திறந்தவள் அப்படியே நின்றாள்.

"இது யாரு, அலோய்ஷியஸ்?"

"நான்தான்."

"நீங்க மாரிஸ் இல்ல?"

"மாரிஸா? யாரு சொன்னா?"

"மாஸின்னா மாரிஸ்தானே! இந்த நாட்டுல இருக்கிற அத்தனை மாஸியும் மாரிஸ்தானே!"

"நான் பொறந்த வாரத்துலதான் எங்க சித்தப்பா மாஸி கிணத்துல விழுந்து செத்தாரு. அப்பா என்னைத் தூக்கிப் பார்த்துட்டு, இதுவும் மாஸிதான்னு சொல்லிட்டாரு. பாதிரியார் வெச்ச பேரு அலோய்ஷியஸ். அதைச் சொல்றதுக்கு அப்பாவுக்கு வாயும் வரல, மனசும் வரல."

"முப்பது வருஷமா இந்தக் குடும்பத்துல இருக்கேன். ஒருத்தராவது சொன்னீங்களா?"

"நீ கேக்கலையேம்மா."

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைத்தான் போட வேண்டும், பேட்டி பேகி என்றெல்லாம் கூப்பிடுகிற பெயரைப் போட்டால் விமானக் கம்பெனிக்காரன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான் என்று ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்னவள் அவள். கூப்பிடுகிற பெயரைப் போடாமல், புத்திசாலித்தனமாக முழுப்பெயரைப் போட்டாள். அது இவருடைய முழுப்பெயர் இல்லை. உலகத்தில் வேறெங்கே இப்படி நடக்கும், சொல்லுங்கள்! எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அவர்கள் இறந்தபிறகு கல்லில் செதுக்கும்போதுதான் உண்மையான பெயர் தெரியவரும்.

"ஒரு எழுத்து ரெண்டு எழுத்து தப்புன்னா சும்மா திருத்திக் குடுப்பான். ஆளையே மாத்தினா விடமாட்டான்" என்று சொல்லிக்கொண்டே நூலா போனை எடுத்தாள். பெயர் மாற்ற நூற்றுப் பதினைந்து யூரோ கேட்டான்.

"அப்ப நான் போக முடியாதா?" என்றார் மாஸி. கோபமாகக் கேட்கவில்லை. எதையும் கோபமாகக் கேட்டுப் பழகாத மனிதர். அதுதான் நூலாவுக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. இன்றைக்கு லிவர்பூலுக்கு இருப்பது இந்த ஒரே விமானம். மாலையில் அங்கே ஒரு பெண் வெள்ளை உடையில் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"போறீங்க. பேரை மாத்துறதுக்கு அவன் கேக்கிற காசுல ரெண்டு அலோய்ஷியஸ் பறக்கலாம். மாரிஸ் அப்படியே இருக்கட்டும். உங்களுக்குப் புதுசா ஒரு சீட் எடுக்கிறேன்."

"ஒரே ஆளுக்கு ரெண்டு சீட்டா?"

"ஏன், உங்களுக்குக் குடுத்து வைக்கக்கூடாதா?"

புது இருக்கை ஐம்பத்தெட்டு. வாங்கும் நேரம் முடிய இன்னும் கொஞ்சமே இருந்தது. பனியில் விறைத்த விரலால் அவள் அலோய்ஷியஸ் என்று அடித்தாள். வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போனாள். கடைசியில் திரை நின்றது. உங்கள் வங்கியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறோம் என்றது.

ஒப்புதல் மலாக்கியின் கட்டைவிரலில் இருந்தது.

அவள் அவனைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"பேங்க்குலேர்ந்து வந்திருக்கும் பாரு. அமுக்கு."

"வந்திருக்கு. என்ன அது? டிக்கெட்டுதான் எப்பவோ எடுத்தாச்சே?"

அந்தக் குரலில் ஒரு இனிப்பு இருந்தது. காலையில் டீ கொடுத்தபோது இருந்த அதே இனிப்பு. நூலாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உனக்குத் தெரியும்! நேத்து மேசைமேல டிக்கெட் தாளைப் பார்த்தே. மாரிஸ்னு போட்டிருந்ததைப் படிச்சே. தெரிஞ்சுக்கிட்டே டீ போட்டுக் குடுத்து அனுப்பினே."

"ஊருக்கே டிக்கெட் எடுக்கிறவளுக்கு நான் போய் என்னத்தச் சொல்றது?"

"பாஸ்போர்ட் தாள்ல சாட்சிக் கையெழுத்து வாங்க அவரை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனவனே நீதானே. அலோய்ஷியஸ்னு அதுல பார்த்திருப்பே."

"லூர்துக்குப் போறேன்னு சொன்னாரு. மாதாவைப் பார்க்கப் போறாருன்னு கூட்டிட்டுப் போனேன். பொய் சொன்னது அவரு. என்னை ஏன் கேக்கிற?"

"இப்ப அமுக்கப் போறியா, இல்லையா?"

"மாட்டேன். காரைத் திருப்பிக்கிட்டு வீட்டுக்கு வா. அண்ணன் ரெண்டு நாள் வருத்தப்படுவாரு. அப்புறம் மாட்டைப் பார்க்கப் போயிடுவாரு. அவரு அப்படித்தான்."

"அவரு அப்படித்தான்னு நாமதான் இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கோம். அவரு ஒருநாளும் சொன்னதில்ல."

"நிலம் கைவிட்டுப் போயிடும் நூலா. டெக்லனை நினைச்சுப் பாரு."

"டெக்லன் சிட்னியில மாடிமேல மாடியா கட்டடம் கட்டிக்கிட்டிருக்கான். மாட்டுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னே அவனுக்கு மறந்துபோச்சு. டெக்லன் பேரைச் சொல்லி உன் ஆசையைச் சொல்லாதே."

நூலா மாஸியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டுக்கோ மலாக்கி. நீ அமுக்கினாலும் சரி, அமுக்கலைன்னாலும் சரி, அவரு இன்னிக்குப் போவாரு. நான் கூடவே போவேன். ஃப்ரிட்ஜுல சாப்பிட ஒண்ணும் இல்ல. நீயே பாத்துக்கோ."

அவள் போனை வைத்தபோது திரை அணைந்திருந்தது. மறுபடி திறந்தால் ஐம்பத்தெட்டு எழுபத்தொன்பது ஆகியிருந்தது. நூலாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. பனியால் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் சொல்லப்போவதில்லை. தன் சம்பளமும் சேர்ந்துதான் அந்தக் கணக்கில் கிடக்கிறது, அதை எடுக்க அவன் விரலைக் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரம் அது.

"வா நூலா, போயிடலாம்" என்றார் மாஸி. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வர வேணாம்."

"நீங்க வாயை மூடுங்க" என்றாள் நூலா. அவரிடம் அவள் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. "அறுபத்தேழு வருஷமா ஒவ்வொருத்தருக்கா வழி விட்டு வழி விட்டுத்தான் வேலியோரம் நிக்கிறீங்க. இன்னிக்கு ஒருநாள் வழி கேளுங்க."

சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். வரிசையில் சிவப்புத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு லிவர்பூலுக்குப் பந்தாட்டம் பார்க்கக் கிளம்பியிருந்தாள் அட்ராக்டா ஃபீனி. ஊரில் முடிதிருத்தகம் வைத்திருப்பவள். வாயும் கத்தரிக்கோல் மாதிரிதான்.

"ஏன்டி முகம் இப்படி இருக்கு? யாராவது உன்கிட்ட பெட்டிக்குக் காசு வாங்கிட்டானா?"

நூலா யாரிடமும் கைநீட்டிப் பழக்கமில்லாதவள். ஆனாலும் கேட்டாள். நாலே வாக்கியத்தில் மாரிஸ், அலோய்ஷியஸ், கட்டைவிரல் மூன்றையும் சொல்லி முடித்து, "உன் கார்டைக் குடு" என்றாள்.

அட்ராக்டா பேசாமல் பையைத் திறந்தாள். அவள் பேசாமல் இருந்ததை ஊரில் யாரும் பார்த்ததில்லை. கார்டை நீட்டியபிறகுதான் வாய் திறந்தது.

"போர்ச்சுகல்ல ஃபாரோவுக்கு அந்த விலையில அனுப்பினவ நீ. என் புருஷன் திரும்பி வர டிக்கெட்டையும் சேர்த்து எடுத்தியே, அது ஒண்ணுதான் உன்மேல எனக்கு வருத்தம்."

பக்கத்தில் நின்ற புருஷன் சிரித்தார். வேறு வழி?

அட்ராக்டாவின் கட்டைவிரல் அவள் கையிலேயே இருந்தது. அமுக்கினாள். அலோய்ஷியஸ் டர்கனுக்கு ஒரு இருக்கை கிடைத்தது.

"திரும்பி வர்றதுக்கு?" என்று கேட்டார் மாஸி. "திங்கக்கிழமை டிக்கெட்டும் மாரிஸ் பேர்லதானே இருக்கும்?"

"போறதைப் பாருங்க. வர்ற கதையை வரும்போது பாத்துக்கலாம்."

விமானத்தில் ஏறும் வாசலில் இருந்த பெண் அவருடைய கோட்டை மேலும் கீழும் பார்த்தாள். பையை வைத்து அளக்கும் இரும்புக் கூண்டைப் பார்த்தாள். மறுபடி கோட்டைப் பார்த்தாள்.

"கோட்டுக்கு அளவு உண்டா?" என்று நூலா கேட்டாள்.

"இல்ல, ஆனா..."

"அப்ப அடுத்த வேலையைப் பாரும்மா."

அந்தப் பெண் பாஸ்போர்ட்டை வாங்கி, "அலோய்ஷியஸ் டர்கன்?" என்று வாசித்தாள். மாஸி யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல் நின்றார். நூலா முழங்கையால் இடித்தாள்.

"ஆமா. நான்தான்" என்றார். முதலில் மெதுவாக. பிறகு யாரும் கேட்காமலேயே இன்னொரு தடவை, வரிசை முழுவதற்கும் கேட்கும்படி. "நான்தான் அலோய்ஷியஸ்."

ஓடுபாதையோரம் காற்றில் நடந்துகொண்டே அவர் சொன்னார். "இந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவ ஒருத்திதான். ஃபிலோமினா. மாஸிங்கிறது செத்துப்போனவர் பேரு, உனக்கு எதுக்குன்னு கேப்பா. கொலெட்டும் போன்ல அந்தப் பேரைச் சொல்லித்தான் கேட்டா. அதனாலதான் அவ பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரிஞ்சுது."

நூலா அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சீட்டுக்குக் காசு கொடுக்காதவர்களை விமானத்தில் ஆளுக்கொரு மூலையாகத்தான் போடுவார்கள். நூலாவுக்குக் கடைசி வரிசை. மாஸிக்கு நடுவில் ஜன்னலோரம். அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதன் எண்ணைப் பார்த்த நூலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாரிஸ் டர்கனின் இருக்கை. அப்படியே அதில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம், அது வேற ஒருத்தருக்குப் பதிவாகியிருக்கு" என்றான் பணியாளன். "அவர் இன்னும் வரல."

"காசு குடுத்தது நான்."

"அவர் வந்தா நீங்க எழுந்திரிக்கணும்."

"வந்தா எழுந்திரிக்கிறேன்."

அப்போது அவள் போன் அதிர்ந்தது. மலாக்கி.

'அமுக்கிட்டேன். கார் பார்க்குல நிக்கிறேன். அண்ணன்கிட்ட ஃபிலோமினா பத்தி ஒண்ணு சொல்லணும். அவரு அந்தப் பொண்ணைப் பார்க்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லணும். இறக்கிக் கூட்டிட்டு வா.'

நூலா இரண்டு தடவை படித்தாள். மாஸியின் தோளுக்கு மேலாக ஜன்னல் வழியே பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பனிக்குள் மலாக்கி ஓட்டுகிற வெள்ளைப் பள்ளி வேன் நின்றது. அதன் பக்கத்தில் ஒரு ஆள், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

அவன் தொப்பியைக் கழற்றுவது சாவு வீட்டில் மட்டும்தான். இத்தனை வருஷமாக ஃபிலோமினாவின் பெயரை அவன் வாயால் அவள் கேட்டதே இல்லை. இப்போது அந்தப் பெயரோடு வந்து நிற்கிறான். இறக்கிவிடுவதற்கு இது இன்னொரு தந்திரமா? இல்லை, நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா?

மாஸி கோட்டுப் பையைத் தடவி ஜாடி உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை இப்போது கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கதவு மூடுவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு மிகவும் பழக்கமான ஒரு சொல்தான் இருந்தது. அதை அடித்து அனுப்பினாள்.

'வேண்டாம்.'

போனை அணைத்தாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "மாரிஸ் டர்கன். பயணி மாரிஸ் டர்கன் உடனே விமானத்துக்கு வரவும். இதுவே கடைசி அழைப்பு."

பணியாளன் கையில் தாளோடு இவர்கள் வரிசைக்கு வந்து நின்றான். "நீங்களும் டர்கன்தானே சார்? இந்த மாரிஸ் உங்க ஆளா? அவருக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்."

மாஸி பெல்ட்டை இழுத்து மாட்டினார். க்ளிக் என்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு தடவை பார்த்தார், வேலியோரம் நின்ற உருவம் அவருக்குத் தெரிந்ததோ என்னவோ. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவரு வரமாட்டாரு தம்பி" என்றார். "எனக்கு அவரை நல்லாத் தெரியும். அவரு ஆயுசுல எங்கயும் போனதில்ல. நீங்க கதவைச் சாத்துங்க."